ஏர் ரைஃபிளில் குறி சிதறுகிறது, முயலுக்கு ஸ்கோப் வாங்கலாமா பாயிண்ட் 22 வாங்கலாமா?

கடத்தூர் கடலைக்கொல்லை:
வணக்கம்ங்க. 2 மாதம் முன்னால் பாயிண்ட் 177 ஏர் ரைஃபிள் ஒன்று வாங்கினேன், குழலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரகம். 10 மீட்டரில் டப்பாவை அடித்துவிடுகிறேன், 20 மீட்டருக்குப் போனால் ஒன்று மேலே, ஒன்று இடது பக்கம், ஒவ்வொரு தடவையும் குறி பார்க்கும் சைட்டைத் திருகித் திருகிப் பார்க்கிறேன், சரியாகவே இல்லை. இறுக்கிப் பிடித்தாலும் அப்படித்தான். விஷயம் என்னவென்றால் கடலை முளைத்து வரும்போதே முயல் வந்து குருத்தை நறுக்கிவிடுகிறது, ராத்திரியில் பேட்டரி லைட் அடித்து இரண்டை விழவைத்தால் மற்றது வராது என்று நினைக்கிறேன். பெரியப்பா மகன் ஆஸ்திரேலியாவில் பாயிண்ட் 22, அதாவது வெடிமருந்துத் தோட்டா போடும் துப்பாக்கி வைத்து 50 மீட்டரில் முயல் அடிக்கிறார். நான் தூரத்தைப் பெரிதாகக் காட்டும் ஸ்கோப் போடுவதா, இல்லை அந்தத் துப்பாக்கிக்கே முயற்சி செய்வதா?

கிருஷ்ணகிரி பத்துமீட்டர்:
தம்பி, முதலில் முயலை விட்டுவிடு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டு முயலும் இருக்கிறது, உன் சொந்தக் கொல்லையில் மேய்ந்தாலும் சுட்டால் வழக்குதான். ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது 4.5 மில்லிமீட்டர் குழல் (உன் பாயிண்ட் 177 அதுதான்), 20 ஜூலுக்குள் சக்தி என்றால் வாங்கி வைத்துக்கொள்ள மட்டும்தான், எதையும் சுடலாம் என்று அர்த்தம் கிடையாது. பாயிண்ட் 22 குண்டு 1 கிலோமீட்டர் தாண்டிப் போகும், நம்ம பக்கம் கொல்லைக்கொல்லைக்குப் பாறை, அதில் பட்டுத் தெறித்தால் யார் வீட்டுத் திண்ணைக்குப் போகும் என்று உன்னால் சொல்ல முடியாது. அதுவும் கலெக்டர் ஆபீஸ் லைசென்ஸ் இல்லாமல் தொடவே கூடாது.

சரி, குறிக்கு வருவோம். நீ இறுக்கிப் பிடிப்பதுதான் கோளாறு. ஸ்பிரிங் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் ஓடும், துப்பாக்கி பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னால் தள்ளும், இத்தனை ஆட்டத்துக்கு நடுவில்தான் பெல்லட், அதாவது ஈயக் குண்டு, குழலை விட்டுப் போகிறது. இறுக்கிப் பிடித்தால் அந்த ஆட்டம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். இடது உள்ளங்கையை விரித்து அதன்மேல் துப்பாக்கிக் கட்டையைச் சும்மா வை, எப்போதும் அதே இடத்தில், தோளில் லேசாகப் பட்டால் போதும், உதைத்தால் உதைக்கட்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி விரல் நுனியால் மெதுவாக இழு. வெடித்த பிறகும் ஒரு நொடி சைட்டிலேயே கண் இருக்கட்டும், நிறைய பேர் எங்கே பட்டது என்று தலையைத் தூக்கிவிடுகிறார்கள், அங்கேதான் குறி போகிறது.

சைட்டை ஒரு குண்டுக்கு ஒரு தடவை திருகாதே. 5 சுடு, ஐந்தும் எங்கே கூடுகிறது என்று பார், அப்புறம் திருகு. ஸ்கோப் இப்போது வேண்டாம், சாதாரண ஸ்கோப் இந்த இருபக்க உதையில் கொஞ்ச நாளில் ஆடிப்போகும். போட்டியில் 10 மீட்டரில் நின்றுகொண்டு அரை மில்லிமீட்டர் புள்ளியைக் குறி வைக்கிறார்கள், அபினவ் பிந்த்ரா 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது அதில்தான். 10 மீட்டர் சின்னது என்று நினைக்காதே.

காவேரிப்பட்டணம் மாங்காய்:
நான் 4 வருஷம் ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்த்தேன். அங்கே இருக்கும் முயல் அந்த மண்ணுடையதே இல்லை, 1859இல் விக்டோரியாவில் ஒரு பண்ணைக்காரர் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டது பெருகி நாட்டையே மேய்ந்துவிட்டது, அதனால் அங்கே அது ஒழிக்க வேண்டிய பிராணி. நம்ம முயல் வேறு, வளை கூடத் தோண்டாது, புதருக்கடியில் ஒண்டிக் கிடக்கும், குட்டியையும் புல்லிலேயே போடும். உங்கள் அண்ணன் 50 மீட்டரில் சரியாகப் படும்படி சைட்டை வைத்திருப்பார், அதே துப்பாக்கியில் 100 மீட்டருக்குப் போனால் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் இறங்கிவிடும், அதனால் பழக்கமானவர்கள் தூரம் தெரியாமல் சுடவே மாட்டார்கள். என் பண்ணைக்காரர் 50 மீட்டரில் 5 குண்டும் ஒரு காசுக்குள் விழாத யாரையும் முயலுக்குக் கூட்டிப்போக மாட்டார். அடிபட்ட முயல் வளைக்குள் ஊர்ந்து போய் ராத்திரி முழுக்கக் கிடந்து சாகும், அதை ஒரு தடவை பார்த்தேன், இன்னும் மறக்கவில்லை.

பென்னாகரம் கேழ்வரகு:
கடலைக்கு முளைத்த முதல் மாதம்தான் ஆபத்து, அப்புறம் முயல் அவ்வளவாகத் தொடாது. கோழிக்கூண்டுக் கம்பி வலை இரண்டரை அடி உயரத்துக்குக் கட்டி, அடியில் அரை அடியை வெளிப்பக்கமாக மடித்து மண் தள்ளிவிடுங்கள், சந்து இருந்தால் நுழைந்துவிடும். நான் 3 வருஷமாக அதே வலையைச் சுருட்டிச் சுருட்டிக் கட்டுகிறேன். மீன் வலை வேண்டாம், பாம்பு சிக்கிச் சாகிறது. கரண்ட் கம்பி பேச்சையே எடுக்காதீர்கள்.

கடத்தூர் கடலைக்கொல்லை:
சட்டம் இவ்வளவு தூரம் இருக்கிறது என்று தெரியாதுங்க அண்ணா, முயல் பேச்சை விட்டுவிட்டேன். நேற்று மணல் மூட்டை அடுக்கி முன்னால் தாள் ஒட்டி, நீங்கள் சொன்ன மாதிரி கையை விரித்து வைத்துச் சுட்டேன், 10 மீட்டரில் ஐந்தும் எலுமிச்சம்பழ அளவுக்குள் விழுந்தது, இத்தனை நாளில் முதல் தடவை. பெல்லட் தட்டைத் தலையா உருண்டைத் தலையா, எது நல்லது?

கிருஷ்ணகிரி பத்துமீட்டர்:
10 மீட்டர் தாளுக்குத் தட்டைத் தலை, ஓட்டை சுத்தமாக விழும். 20 மீட்டருக்கு மேல் உருண்டை. எதுவானாலும் ஒரே டப்பாவில் பழகு, ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. எலுமிச்சம்பழம் நெல்லிக்காய் ஆனதும் தாளைப் படம் எடுத்துப் போடு.