ஜாக்கெட் டிசைன்ல இருந்து மிதக்குற ஸ்ட்ரக்சர் ரிசர்ச்சுக்கு போகலாமா?

கோவில்பட்டி_பாண்டி:
வணக்கம் மக்களே. நவி மும்பைல ஒரு கன்சல்டன்சில இருக்கேன், படிச்சது சிவில். வேலை முழுக்க மும்பை ஹை எண்ணெய் வயல்ல நிக்கிற மாதிரி ஜாக்கெட் பிளாட்பாரம்தான் (கடல் தரையில ஊனுன இரும்புக் குழாய் சட்டம்), சாக்ஸ்ங்கிற சாஃப்ட்வேர்ல மாடல் போட்டு அலைய குடுத்து மெம்பர் செக் பண்ணி ரிப்போர்ட் அனுப்புறது, குழாய் மேல அலை குடுக்குற விசைய சொல்ற மோரிசன் சமன்பாட்ட தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன். இப்ப எஃப்பிஎஸ்ஓ (எண்ணெய எடுத்து சேமிக்கிற கப்பல்), மிதக்குற காத்தாலை இந்த பக்கம் பிஎச்டி பண்ணலாம்னு ஆசை. ஆனா பேப்பர எடுத்தா ஆர்ஏஓ, டிஃப்ராக்சன், ஸ்லோ டிரிஃப்ட்னு தலை சுத்துது. ரெண்டு கேள்வி. எங்களுக்கு ஸ்ட்ரென்த்துக்கு 100 வருஷத்துல ஒரு தடவை வர்ற அளவு பெரிய அலை ஒண்ணு போதும், சின்ன அலையெல்லாம் ஃபெடீக் (திரும்பத் திரும்ப அடிபட்டு விரிசல் விடுறது) பாக்கும்போதுதான் வரும், இவங்க ஏன் எல்லா அலையையும் புடிச்சு தொங்குறாங்க? இவ்ளோ சாஃப்ட்வேர் வந்தப்புறமும் தொட்டில தண்ணி ரொப்பி பொம்மை கப்பல் விட்டு டெஸ்ட் பண்றது எதுக்கு?

செம்பூர்_சுப்பு:
பாண்டி, அலை எவ்ளோ உயரம்ங்கிறத கொஞ்சம் ஒதுக்கி வச்சிட்டு பீரியட (ஒரு தடவை ஆடி முடிக்கிற நேரம்) பாருங்க. மும்பை ஹைல தண்ணி ஆழம் 75 மீட்டர் சுமாருக்குதான், அங்க ஜாக்கெட் தானா ஆடுற நேச்சுரல் பீரியட் ரெண்டு மூணு செகண்ட் தாண்டாது, பெரிய அலையோட எனர்ஜி எல்லாம் அதுக்கு ரொம்ப மேல இருக்கு. அதனால உங்களுக்கு அலைங்கிறது வெறும் ஒரு லோடு. மிதக்குறது அப்படி இல்ல, அதுவே ஆடும். செமிசப், ஸ்பார்ங்கிற மிதக்குற பிளாட்பாரமெல்லாம் ஹீவ் (மேல கீழ ஆடுறது) பீரியட 20 செகண்டுக்கு மேல கொண்டு போற மாதிரி வடிவமைக்கிறாங்க, டிஎல்பிங்கிற இன்னொரு வகைய டெண்டன் (விறைப்பான இரும்புக் குழாய்) போட்டு கீழ இழுத்து புடிச்சு 2-4 செகண்டுக்கு கொண்டு வர்றாங்க, நோக்கம் ஒண்ணுதான், அலை இருக்குற ஏரியால மாட்டக்கூடாது. கப்பலோட ரோலுக்கு (பக்கவாட்டுல உருளுறது) மட்டும் அந்த குடுப்பினை இல்ல, பெரும்பாலும் அலைகளுக்கு நடுவுலயே போய் உக்காரும். அப்ப 4 மீட்டர் அலை பீரியட் பொருந்தி வந்தா, பொருந்தாத 8 மீட்டர் அலைய விட மோசமா ஆட்டும். அதான் எல்லா பீரியடுக்கும் ஆர்ஏஓ, அதாவது ஒரு மீட்டர் அலைக்கு எவ்ளோ ஆடும்ங்கிற கணக்கு, போடுறாங்க.

மோரிசன் 1950ல வந்தது, பைல் மாதிரி ஒல்லியான உருப்படிக்குன்னே. விட்டம் அலை நீளத்துல அஞ்சுல ஒரு பங்க தாண்டிட்டா பொருளே அலைய கலைச்சு விட ஆரம்பிச்சிடும், அங்கதான் டிஃப்ராக்சன் வருது. ஆழ்கடல்ல அலை நீளம் 1.56 பெருக்கல் பீரியட் ஸ்கொயர், 10 செகண்ட் அலைன்னா 156 மீட்டர். இத மனசுல வச்சிக்கிட்டு பேப்பர படிங்க, பாதி தெளிஞ்சிடும்.

கேப்டன்_மாட்டுங்கா:
தம்பி சுப்பு சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். அலை பக்கவாட்டுல வந்தாதான் கப்பல் உருளும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. 1998 அக்டோபர்ல ஏபிஎல் சைனாங்கிற கன்டெய்னர் கப்பல் வட பசிபிக்ல நேரா மூக்குல அடிச்ச அலையிலதான் பயங்கரமா உருண்டு நூத்துக்கணக்கான கன்டெய்னர கடல்ல விட்டுச்சு. பாராமெட்ரிக் ரோல்னு பேரு. கன்டெய்னர் கப்பல் முன்னாடியும் பின்னாடியும் விரிஞ்சு இருக்கும், அலை முகடு நடுவுல வந்தா வாட்டர்பிளேன் (தண்ணி மட்டத்துல கப்பலோட பரப்பு) சுருங்கி ஜிஎம் (கப்பல் நிமிர்ற பலத்தோட அளவு) கொறையும், பள்ளம் நடுவுல வந்தா ஏறும். ஊஞ்சல்ல நின்னுக்கிட்டு சரியான நேரத்துல உக்காந்து எழுந்தா யாரும் தள்ளாமலே வேகம் புடிக்கும்ல, அதே கதைதான். எதிர்ப்படுற அலையோட பீரியட் ரோல் பீரியட்ல பாதியா இருந்தா பத்து நிமிஷத்துக்கு முன்னாடி காபி டம்ளர் நகராம இருந்த பிரிட்ஜ்ல (கப்பல ஓட்டுற அறை) ஆள் நிக்க முடியாது. அப்ப வேகத்தயோ திசையயோ மாத்தி அந்த பொருத்தத்த உடைக்கணும், வேற வழி கிடையாது. இதுக்கு முன்னெச்சரிக்கை குடுக்குற ஆராய்ச்சி யாராவது பண்ணா கடல்ல இருக்குறவன் கும்புடுவான்.

டேங்க்_டெஸ்ட்_தாஸ்:
தொட்டி கேள்விக்கு வர்றேன். வில்லியம் ஃப்ரூட்ங்கிற இன்ஜினியர் 1872ல இங்கிலாந்துல டார்கீல தொட்டி கட்டுனதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் அதே ஸ்கேலிங்தான். 1:64 மாடல்னா நேரம் எட்டுல ஒரு பங்கா சுருங்கும், அதாவது கடல்ல 3 மணி நேர புயல் தொட்டில இருபத்திரெண்டரை நிமிஷம். ஆனா ஃப்ரூட் நம்பர (அலையோட கணக்கு) பொருத்துனா ரெனால்ட்ஸ் நம்பர் (தண்ணியோட பிசுபிசுப்பு கணக்கு) பொருந்தாது, அதனால தொட்டியும் முழு உண்மைய சொல்லாது. இருந்தும் ஏன் வேணும்னா, டேம்பிங், அதாவது ஆட்டம் தானா அடங்குறது. தண்ணிக்கு பிசுபிசுப்பே இல்லன்னு வச்சிக்கிற பொட்டன்சியல் ஃப்ளோ சாஃப்ட்வேர் அலையா வெளிய போற எனர்ஜிய மட்டும்தான் கணக்கு பண்ணும். ரோல்ல அது சொற்பம், மிச்சமெல்லாம் பில்ஜ் கீல் (கப்பல் அடில நீட்டிக்கிட்டு இருக்குற தகடு) ஓரத்துல சுழி விட்டு வீணாகுறது, அது அந்த கணக்குலயே கிடையாது.

அதனால டீகே டெஸ்ட் பண்ணுவோம். மாடல்ல ஈய வெயிட்ட அங்க இங்க நகத்தி ஜிஎம்ம கொண்டு வந்து, தண்ணி அசையாம நிக்கிற வரைக்கும் காத்திருந்து (இதுதான் பொறுமைய சோதிக்கும், அலை தொட்டி ஓரத்துல அதை அடக்க வச்சிருக்குற பீச்ல பட்டு திரும்பி வந்துக்கிட்டே இருக்கும்), ஒரு பக்கமா சாய்ச்சு புடிச்சு விட்டுடுவோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எவ்ளோ கொறையுதோ அதான் டேம்பிங். சின்ன கோணத்துல ஒரு நம்பர் வரும், பெரிய கோணத்துல வேற வரும்.

ஸ்லோ டிரிஃப்டும் இப்படித்தான், மூரிங் (நங்கூரச் சங்கிலி) போட்ட எஃப்பிஎஸ்ஓ கிடைமட்டமா நூறு செகண்டுக்கும் மேல பீரியட்ல மெதுவா போய் வரும், அந்த பீரியட்ல அலையே கிடையாது, ரெண்டு அலையோட ஃப்ரீக்வன்சி வித்தியாசம்தான் தள்ளுது, அங்கயும் டேம்பிங்தான் பிரச்சனை. மூரிங் ரிசர்ச் ஏதோ தூரத்து விஷயம்னு நினைக்காதீங்க, 2021 மே 17 டவ்தே புயல்ல மும்பை ஹை பக்கம் பி-305 பார்ஜ் ஆங்கர் விட்டு அலைஞ்சு முழுகுனது, கூடவே ஒரு இழுவைப் படகு, ரெண்டுலயும் சேத்து 80 பேருக்கு மேல போய்ட்டாங்க.

இடம் தேடுனா ஐஐடி மெட்ராஸ் ஓசன் இன்ஜினியரிங், கரக்பூர் ரெண்டுலயும் கேளுங்க. பள்ளிக்கரணை என்ஐஓடியும் (தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்) பாருங்க. காசு இல்லாம பழக கேப்பிடெய்ன், நெமோன்னு சாஃப்ட்வேர் இருக்கு, காத்தாலைக்கு ஓபன்ஃபாஸ்ட்.

கோவில்பட்டி_பாண்டி:
ரொம்ப நன்றி அண்ணன்களா. கேப்பிடெய்ன்ல டேங்கர் மாதிரி ஒரு ஹல் போட்டு பாத்தேன். நீள அலைல ஹீவ் ஆர்ஏஓ அழகா 1க்கு போகுது, ஆனா ரோல் பீக் ஒரு மீட்டர் அலைக்கு 30 டிகிரி காட்டுது. மெஷ்ஷ (ஹல்ல பிரிச்ச சின்ன கட்டங்கள) பாதியாக்கியும் அப்படியேதான் இருக்கு.

டேங்க்_டெஸ்ட்_தாஸ்:
மெஷ் மேல கை வைக்காதீங்க, அது ஒண்ணும் பண்ணல, முன்னாடி சொன்ன சுழி டேம்பிங் கணக்குல இல்லாததுதான் காரணம். கிரிட்டிகல்ல (ஆட்டமே இல்லாம நிக்க வைக்கிற டேம்பிங் அளவு) 5% டேம்பிங் கையால சேத்து மறுபடி ஓட்டுங்க, அப்புறம் 3%, 8% போட்டு மூணையும் ஒரே பிளாட்ல போடுங்க. பீக் மட்டும் எவ்ளோ மாறுதுன்னு பாத்துட்டு ப்ரொஃபசருக்கு அத அனுப்புங்க, ரெஸ்யூம் அப்புறம் பாத்துக்கலாம்.