ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வலிப்பு மட்டும் நிற்கவில்லை

தண்டையார்பேட்டையிலிருந்து:

எனக்கு வயது 33. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில், புடவைப் பிரிவில் வேலை. முதல் தடவை வந்தது 2019 ஆடித் தள்ளுபடி சமயத்தில். கடையில் நிற்க இடமில்லை. ஒரு அம்மாவுக்குப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி நெஞ்சு வரைக்கும் ஏறியது. ராட்டினம் மேலேயிருந்து இறங்கும்போது வயிற்றைப் பிசையுமே, அந்த மாதிரி. இதே அம்மா, இதே புடவை, எல்லாம் முன்பே நடந்தது என்று ஒரு நினைப்பு. அவ்வளவுதான். அடுத்து எனக்கு நினைவிருப்பது, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் சோடா பாட்டில்.

கூட வேலை செய்யும் பெண்தான் நடந்ததைச் சொன்னாள். "கூப்பிட்டா திரும்பலக்கா. ஒரே இடத்தைப் பார்த்துக்கிட்டு வாயைச் சப்புக்கொட்டிக்கிட்டே இருந்தீங்க. புடவை ஓரத்தைக் கிள்ளிக்கிட்டே இருந்தீங்க."

தெருமுனை டாக்டர் ரத்தம் பார்த்தார், ஹீமோகுளோபின் 9. சாப்பிடாமல் நின்றதால் வந்த மயக்கம் என்று சத்து மாத்திரை கொடுத்தார். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டேன். ஹீமோகுளோபின் ஏறியது. மாதம் இரண்டு தடவை வருவது குறையவில்லை.

2020 ஊரடங்கில் ஒரு ராத்திரி பெரிதாக வந்தது. உடம்பு விறைத்து, கை கால் வெட்டி, நாக்கு ஓரத்தில் கடிபட்டு, பாயெல்லாம் நனைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், ஒருவர் கரண்டியை வாய்க்குள் விட்டார். நல்ல மனசோடு செய்ததுதான், ஆனால் என் முன்பல் பாதி உடைந்தது. இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்காது. வாய்க்குள் எதையும் வைக்கவே கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். இதை எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்து, தூக்கக் கலக்கத்தில் இருந்தேன். தலைக்கு சி.டி. எடுத்தார்கள், நார்மல். பத்து நாள் கழித்துக் காலையில் தலையில் வயர் ஒட்டி இருபது நிமிடம் இ.இ.ஜி., அதுவும் நார்மல். "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்ல ஏதாவது பிரச்சனையா? கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை இரண்டு வருடத்தில் மூன்று ஆஸ்பத்திரிகளில் என்னிடம் கேட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் விடிகாலையில் வரிசை, ஓ.பி. சீட்டு, முதலிலிருந்து கதை, பழைய ஃபைலைத் திறக்காமல் புது டெஸ்ட். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். ஒரு இடத்தில் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள், நார்மல். என்னால் தாங்கவே முடியாத விஷயம் ஒன்று உண்டு. எனக்கு வரும்போது எனக்கு நினைவு இருக்காது. பார்த்தது அம்மாதான். அவரை ஒவ்வொரு தடவையும் கதவுக்கு வெளியே நிற்க வைத்தார்கள்.

நார்மல் என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே பாதிப் பேர் வரைக்கும் முதல் இ.இ.ஜி. நார்மலாக வரலாம். அந்த இருபது நிமிடத்தில் மூளையில் கோளாறான அலை வந்தால்தான் அதில் பதிவாகும். காசிமேட்டில் இருபது நிமிடம் நின்று, ஒரு போட்டும் கரைக்கு வரவில்லை என்பதற்காகக் கடலில் போட்டே இல்லை என்று யாராவது சொல்வார்களா?

மனசுதான் காரணம் என்று 2022-ல் என்னை மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அழுதுகொண்டேதான் போனேன். ஆனால் அந்த டாக்டரம்மாதான் முதல் தடவையாக அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். முக்கால் மணி நேரம் கேட்டார். "இது மனசு சம்பந்தப்பட்டதா எனக்குத் தெரியல. அடுத்த தடவை வந்தா போன்ல வீடியோ எடுங்க" என்றார்.

தம்பி எடுத்தான். ஒரு நிமிடம் நாற்பது வினாடி. டாக்டரம்மா என்னை அனுப்பி வைத்த நரம்பியல் டாக்டர் அதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். "இடது கை கிள்ளுது, வலது கை முறுக்கிக்கிட்டு நிக்குது பாருங்க. மூளையில இடது பக்கம் பார்க்கணும்" என்றார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் வரச் சொல்லி இ.இ.ஜி. எடுத்தார், இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் கோளாறு தெரிந்தது. வலிப்புக்கென்று மெல்லிய துண்டுகளாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஒன்று உண்டாம். அதில் ஞாபகத்துக்கு உரிய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இடது பக்கம் சுருங்கித் தழும்பாக இருந்தது.

பிறகு அம்மாவிடம் கேட்டார், "சின்ன வயசுல ஜுரத்துல வலிப்பு வந்திருக்கா?" அம்மா சொன்னார், "ஒன்றரை வயசுல சார். அரை மணி நேரம் நிக்கல." சிறு வயதில் அப்படி நீண்ட நேரம் வந்த சிலருக்குப் பின்னாளில் இந்தத் தழும்பு இருப்பதுண்டு என்றார் டாக்டர். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அம்மா அழுதார். "என்னை யாருமே கேக்கலையேம்மா."

எண்ணூரிலிருந்து:

அக்கா, என் கதை உங்களுக்கு நேர்மாறு. நான் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியவன். 2017-ல் விழுந்தேன். பார்த்த உடனே ஃபிட்ஸ் என்று எழுதிவிட்டார்கள். லைசென்ஸ் படிவத்திலேயே வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று கேட்பார்கள், அதனால் வண்டி போய்விட்டது. மாத்திரை ஒன்று, இரண்டு, மூன்றாக ஏறியது. லெவெட்டிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை போட்ட காலத்தில் காரணமே இல்லாமல் எரிந்து விழுவேன், என் மகள் என் பக்கத்தில் வரவே பயந்தாள்.

அத்தனை மாத்திரைக்கும் குறையவில்லை. வந்தால் பதினைந்து, இருபது நிமிடம் போகும், கண் இறுக்க மூடியிருக்கும். ஒரு ராத்திரி அவசரப் பிரிவில் நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்து, "நடிக்காதே, எழுந்திரு" என்றார்கள். எனக்கு அது காதில் விழுந்தது, பதில்தான் சொல்ல முடியவில்லை. அந்த வலி போய்விட்டது. அந்தச் சொல் இன்னும் போகவில்லை.

ஐந்து வருடம் கழித்துத்தான் மூன்று நாள் படுக்க வைத்து, கேமராவும் இ.இ.ஜி.யும் சேர்த்து ஓட விட்டார்கள். இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் மூளை அலை ஒழுங்காக இருந்தது. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "இது மின்கோளாறால வர்ற வலிப்பு இல்ல. ஆனா நீங்க நடிக்கல, வேணும்னு செய்யல. இதுக்குத் தனி சிகிச்சை இருக்கு." மாத்திரையை அவர்களே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. இப்போது பேச்சு சிகிச்சைக்குப் போகிறேன். வாரத்துக்கு நாலு என்றிருந்தது, இப்போது மாதத்துக்கு ஒன்று.

இரண்டு பேருக்கும் இரண்டு வியாதி. எனக்கும் அந்த ஐந்து வருடத்தில் வந்ததை எந்த டாக்டரும் கவனித்துப் பார்க்கவில்லை.

வியாசர்பாடியிலிருந்து:

என் மகனுக்கு 14 வயது. பள்ளிக்கூடத்தில் ஓடும்போது விழுவான், கை கால் வெட்டும், ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுவான். ஒரு வருடம் வலிப்பு மாத்திரை கொடுத்தோம். ஒரு நாள் தூக்கிக்கொண்டு ஓடினோம், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆட்டோவிலேயே என் உயிர் பாதி போய்விட்டது. அன்றைக்கு டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் கேட்டார், "ஓடும்போது மட்டும்தான் வருதா? இ.சி.ஜி. எடுத்தீங்களா?" ஒரு வருடத்தில் ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்தால், இதயத் துடிப்பில் கோளாறு, க்யூ.டி. இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்ததற்குத் தயாராக எடுக்கும் நேரம், நீளமாம். உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கலாம் என்றார். இப்போது இதய மாத்திரை போகிறது, ஓட்டம் கூடாது. அந்த டெஸ்டுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து:

அம்மா, படிக்கும்போதே கை நடுங்கியது. தம்பி நல்லபடியாக இருக்கட்டும். எண்ணூர் அண்ணனுக்கு: அந்தச் சொல்லை உங்களிடம் சொன்னவர்களை நினைத்து எனக்கு இன்று தூக்கம் வராது.

டாக்டரிடம் காட்ட, வலிப்பு வரும்போதெல்லாம் குறித்துவைக்கும் நோட்டில் என்ன எழுதுவது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: தேதி, மணி, எவ்வளவு நேரம், அதற்கு முன்னால் தூக்கம் எப்படி, மாத்திரை தவறியதா, மாதவிலக்கு நாளா. கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, எந்தக் கை முதலில், எழுந்ததும் பேச்சு வந்ததா. பெண்ணாக இருந்தால், பிள்ளை பெறும் எண்ணம் இருப்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். கல்யாணம் பற்றியும் கேட்டீர்கள். கல்யாணத்தை ரத்து செய்ய வலிப்பைக் காரணம் காட்டும் வரியை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே நீக்கிவிட்டார்கள். எனக்கு வந்த இரண்டு வரன்களின் வீட்டாரும் அதைக் கேட்கத் தயாராக இல்லை.

எனக்கு இப்போது கார்பமாசெபைன் என்ற வலிப்பு மாத்திரையோடு இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்கள். இன்னும் மாதம் ஒன்று வருகிறது. இரண்டு மருந்துக்கும் அடங்காததால் ஆபரேஷன் பற்றிப் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் வீடியோ இ.இ.ஜி.க்காக வரும் மாதம் அட்மிட் ஆக வேண்டும். கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். அம்மா இப்போதே பையைக் கட்டி வைத்துவிட்டார்.