பாஸ்வேர்டு சரி, ஆனால் லினக்ஸ் உள்ளே விடவில்லை. அவசரம்!

ஜெலுத்தோங்வாசி: வணக்கம். நேற்று ராத்திரி ஒரு கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அதிலிருந்து மடிக்கணினி பாஸ்வேர்டை ஏற்கவில்லை. அம்மாவின் முறுக்கு ஆர்டர் பட்டியல் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. நாளைக் காலை பினாங்கு லிட்டில் இந்தியா கடைகளுக்கு டப்பாக்கள் போயாக வேண்டும். யாராவது உதவுங்கள்.

பிறைப்பாலம்: எந்தக் கோப்பு? எந்த லினக்ஸ்?

நள்ளிரவுத்தேநீர்: டிஸ்க் நிரம்பியிருக்கும். எனக்கும் ஒருமுறை இப்படித்தான் ஆனது, பாஸ்வேர்டு போட்டதும் மறுபடி அதே திரைக்கே வந்து நின்றது.

ஜெலுத்தோங்வாசி: உபுண்டு. தம்பி பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருந்தான். மூன்று முறை தவறினால் பூட்டட்டும் என்று ஃபெயில்லாக் வரி போட்டேன். கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்திக் கறுப்புத்திரையிலும் முயன்றேன். 'லாகின் இன்கரெக்ட்'தான்.

செந்தூல்77: ஃபெயில்லாக் என்றால் 3 தவறு, 600 வினாடி பூட்டு. பத்து நிமிடம் பொறுங்கள், திறந்துவிடும்.

ஜெலுத்தோங்வாசி: ராத்திரி முழுக்கப் பொறுத்தாயிற்று அண்ணே.

பழையடெர்மினல்: பேம் (பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் அமைப்பு) கோப்பைத் தொடும் முன் இன்னொரு டெர்மினலில் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) நுழைந்து அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். இது அரிச்சுவடி. அதுகூடத் தெரியாதவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

பிறைப்பாலம்: அதைப் பிறகு சொல்லலாம், இப்போது அவருக்குப் பட்டியல் வேண்டும். தம்பி, காமன்-ஆத் என்ற பேம் கோப்பில், பாஸ்வேர்டைப் பார்க்கும் பேம்_யூனிக்ஸ் வரிக்குக் கீழேதானே சேர்த்தீர்கள்? அந்த வரியில் 'சக்சஸ்=1' என்று இருக்கும். பாஸ்வேர்டு சரியென்றால் அடுத்த ஒரு வரியைத் தாண்டு என்று அதற்குப் பொருள். முன்பு அது தாண்டியது, யாரையும் உள்ளே விடாத பேம்_டினை வரியை. இப்போது உங்கள் புது வரியைத் தாண்டி நேராக டினையில் போய் விழுகிறது. அதனால்தான் சரியான பாஸ்வேர்டும் தள்ளப்படுகிறது. 1-ஐ 2 ஆக்குங்கள், போதும். கோப்பைத் திருத்த உள்ளே போகும் வழி: இயக்கும்போது எஸ்கேப் (பழைய பயோஸ் என்றால் ஷிஃப்ட்), க்ரப் என்ற தொடக்கப் பட்டியலில் ரெக்கவரி மோட், அதில் 'ரூட்', அப்புறம் எண்டர்.

நள்ளிரவுத்தேநீர்: பாஸ்வேர்டே கேட்காமல் ரூட்டா? அப்படியென்றால் கொம்தார் பேருந்து நிலையத்தில் கணினியைத் தொலைத்தால் எடுத்தவர் எல்லாவற்றையும் பார்ப்பாரே!

செந்தூல்77: க்ரப்புக்கும் பாஸ்வேர்டு வைக்கலாம்.

பழையடெர்மினல்: வைத்து என்ன பயன்? லைவ் பெண்டிரைவ் (அதிலிருந்தே லினக்ஸ் இயங்கும்) செருகினால் டிஸ்க் அப்படியே திறக்கும். டிஸ்க்கையே லக்ஸ் கொண்டு மறையாக்கினால்தான் காப்பு.

செந்தூல்77: லக்ஸ் பாஸ்வேர்டை மறந்தால் அம்மாவின் பட்டியல் யாருக்குமே கிடைக்காது. வீட்டுக் கணினிக்கு அது தேவையில்லை.

பழையடெர்மினல்: காப்புநகல் எடுக்காதவர்கள் சொல்லும் காரணம் இது.

ஜெலுத்தோங்வாசி: ரூட் வந்துவிட்டது. ஆனால் நானோ எடிட்டரில் சேமிக்க முடியவில்லை. 'ரீட்-ஒன்லி' என்கிறது.

பிறைப்பாலம்: சொல்ல மறந்துவிட்டேன், மன்னியுங்கள். டிஸ்க்கில் எழுத முடிவதற்கு, முதலில் 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' கொடுங்கள். எல்லாக் கோப்புகளுக்கும் மேலான மூல அடைவைக் குறிக்க அந்தச் சாய்கோடு அவசியம். முடியாவிட்டால் சொல்லுங்கள், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்து லைவ் பெண்டிரைவோடு வந்துவிடுகிறேன்.

நள்ளிரவுத்தேநீர்: அப்படியே டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்றும் பாருங்கள்.

ஜெலுத்தோங்வாசி: 2 ஆக்கினேன், திறந்தது. 43 டப்பா. பட்டியலைத் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மிக்க நன்றி அண்ணே, மாவு பிசையப் போகிறேன்.