புதுப்பிப்பு: உலுரு பயண வவுச்சர், ஒரு திருத்தம்
ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள உலுரு பாறையைப் பார்க்க முன்கூட்டியே பணம் கட்டி வாங்கும் எல்லா வவுச்சரும் 3 ஆண்டு செல்லும் என்று முந்தைய இழையில் எழுதியது முழுச் சரியில்லை. 2019 நவம்பர் 1 முதல் ஆஸ்திரேலியச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் குறிப்பிட்ட ஒரு சுற்றுலாவுக்கென்று தள்ளுபடியில் விற்றதற்கு அது பொருந்தாது. வாங்குமுன் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

உலுரு இருக்கும் தேசியப் பூங்காவின் நுழைவுச்சீட்டு வவுச்சரில் அடக்கமா என்றும் கேளுங்கள். 18 வயதுக்குள் இலவசம்.

விமானத்தை உலுருவை ஒட்டிய ஊரான யுலாராவுக்கே போடச் சொல்லுங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இறங்கினால் இன்னும் 450 கிலோமீட்டர், சாலையில் 5 மணி நேரம்! 'பக்கத்து ஊர்' என்று நினைத்துத்தான் பலர் மாட்டுகிறார்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டாம், அங்கே அப்போது கோடை. வெயில் 36 டிகிரியைத் தொடும் என்று கணிப்பு வந்தாலே, அதே பூங்காவிலுள்ள கட்டா ட்யூட்டா பாறைக் குன்றுகளின் 'காற்றுப் பள்ளத்தாக்கு' நடைபாதையைக் காலை 11 மணிக்குக் கரு என்ற காட்சிமுனைக்கு அப்பால் போகவிடாமல் அடைத்துவிடுவார்கள்.