செய்தியோடை இல்லாத தளத்தைப் பின்தொடர வழி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். சமூக வலைத்தளம் தானாகத் தெரிவுசெய்து காட்டுவதையே நம்பியிருந்ததால், உறவினர் ஒருவரின் மரண அறிவித்தலை அடக்கம் முடிந்து மூன்று நாட்களுக்குப் பிறகுதான் கண்டேன். அதனால், 2013 ஜூலையில் கூகுள் ரீடர் என்ற ஓடை வாசிப்புச் சேவை மூடப்பட்டபோது கைவிட்ட ஆர்.எஸ்.எஸ். ஓடைகளுக்கே (ஒரு தளத்தின் புதிய பதிவுகளை வாசிப்புச் செயலிக்குக் கொண்டுவரும் செய்தியோடைகள்) மீண்டும் திரும்பியிருக்கிறேன்.

வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளங்களின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடிட்டு, ‘ஃபீட்’ என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்தாலே போதும். அண்மைய பதிவுகள் கால வரிசையில், எவருடைய தெரிவுக்கும் உட்படாமல், வாசிப்புச் செயலிக்குள் வந்துவிடுகின்றன. கூகுளின் பிளாக்கர் வலைப்பதிவுகளிலும் சிக்கல் இல்லை. ஆனால், நான் நாள்தோறும் வாசிக்கும் மட்டக்களப்புச் செய்தித்தளம் ஒன்று வடிவமைப்பை மாற்றியதிலிருந்து, அதன் பழைய ஓடை முகவரியில் ‘404’ (பக்கம் இல்லை) என்ற பிழை மட்டுமே வருகிறது. மகனின் மடிக்கணினியில் அப்பக்கத்தின் மூலநிரலைத் திறந்து ‘ஆர்எஸ்எஸ்’, ‘ஆட்டம்’ (ஓடையின் இன்னொரு வடிவம்) ஆகிய சொற்களையும் தேடிவிட்டேன், இரண்டுமே இல்லை.

இத்தகைய தளத்துக்கு நாமாகவே ஓடையொன்றை உருவாக்கிக்கொள்ள இலவச வழி ஏதும் உண்டா? வேறொரு தளத்தின் ஓடையில் தலைப்பும் இரண்டு வரிகளும் மட்டுமே வருகின்றன. முழுக் கட்டுரையையும் செயலியிலேயே பெற முடியுமா? நான் பெரும்பாலும் பயன்படுத்துவது பழைய ஆண்ட்ராய்டு கைபேசி என்பதையும் கருத்திற்கொண்டு, அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்கவும்.