"பையர்ஸ் பிரீமியம்": "மேற்கட்டணம்" என்னும் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் கலைச்சொல் குழுவின் கலைப்பொருள் ஏலம் தொடர்பான சொல் வரிசையில் "பையர்ஸ் பிரீமியம்" என்பதற்கு, அதாவது ஏலம் கேட்ட விலைக்கு மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குச் செலுத்தும் தொகைக்கு, "முனைமம்", "வாங்குவோர் தரகு", "கூடுதல் தொகை" ஆகிய மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. காரணத்தைச் சொல்லுமுன் அந்தத் தொகை எங்கே, எப்படிச் சேர்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

2017 நவம்பர் 15 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம், லியோனார்டோ டா வின்சியின் படைப்பு என்று அறிவித்து "சால்வட்டோர் முண்டி" ஓவியத்தை ஏலம் விட்டது. ஏலத்தை முடித்துவைக்கும் சுத்தியல் 40 கோடி டாலரில் விழுந்தது. ஆனால் விற்பனை விலை என்று உலகெங்கும் சொல்லப்படும் தொகை 45 கோடியே 3 லட்சத்து 12 ஆயிரத்து 500 டாலர். நாம் பெயர் தேடிக்கொண்டிருப்பது இடையிலுள்ள அந்த வேறுபாட்டுக்குத்தான். கிறிஸ்டீஸின் அன்றைய விகிதப்படி முதல் 2,50,000 டாலருக்கு 25 விழுக்காடும், அதற்கு மேல் 40 லட்சம் டாலர் வரை 20 விழுக்காடும், எஞ்சியதற்கு 12.5 விழுக்காடும் வாங்குபவரே செலுத்த வேண்டும். 62,500, 7,50,000, 4,95,00,000 ஆகிய மூன்றையும் கூட்டினால் 5,03,12,500 டாலர் சரியாக வந்துவிடும். வருமான வரியைப் போலவே இதுவும் படிநிலை விகிதத்தில் போடும் கணக்கு. இங்கே விலை உயர உயர விகிதம் மட்டும் குறையும்.

இந்தத் தொகை பொதுவாக விற்றவருக்குப் போவதில்லை, ஏல நிறுவனத்துக்கே போகிறது என்பது முதன்மையானது. கணக்குப்பதிவியல் பாடநூல்களில் "முனைமம்" என்பது பங்கின் முகமதிப்புக்கு (அதில் குறித்த விலைக்கு) மேல், பங்கை வெளியிடும் நிறுவனமே பெறும் தொகையைக் குறிக்கிறது. ஓவியத்துக்கு முகமதிப்பு இல்லை. மிகுதித் தொகை பொதுவாகப் பொருளை விற்றவரையும் சேர்வதில்லை. சொல் நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை இங்கே இழுத்துவருவது குழப்பத்தையே தரும்.

"தரகு" என்பதை மறுப்பதற்குக் காரணம் இன்னும் ஆழமானது. இரு தரப்பிலும் தரகு பெறுவது நமக்குப் பழகிய நடைமுறைதான் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார், அது உண்மை. ஆனால் ஒருவருக்குத் தரகு கொடுத்தால் அவர் நம் பக்கமும் நின்று பேசுவார் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறது. ஏல நிறுவனமோ விற்பவரின் முகவர். விலையை உயர்த்துவதே அதன் கடமை. விற்பவரோடு பேசி முடித்த குறைந்தபட்ச விலையை அது வெளியே சொல்வதில்லை. அந்த விலையை எட்டும்வரை விற்பவர் சார்பில் தானே ஏலம் கேட்டு விலையை ஏற்றிக்கொண்டு போகவும் அதன் விதிமுறைகள் இடம் தருகின்றன. அந்நிறுவனத்துக்கு வாங்குபவர் கொடுப்பதைத் "தரகு" என்று எழுதினால், புதிதாக ஓவியம் சேகரிக்கத் தொடங்குபவர் தனக்காகவும் ஒருவர் பேசுகிறார் என்று நம்பிவிடக்கூடும். ஒரு கலைச்சொல் அந்த அளவுக்குப் பிழையான நம்பிக்கையை விதைக்கக் கூடாது என்பது என் கருத்து. "கூடுதல் தொகை" பொதுவான சொல். எந்தக் கூடுதல் என்ற கேள்வி அப்படியே நின்றுவிடும்.

நான் முன்வைப்பது "வாங்குவோர் மேற்கட்டணம்", சுருக்கமாக "மேற்கட்டணம்". ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் ஏலங்களில் இதை "அவுஃப்கெல்ட்", அதாவது மேலே வைக்கும் பணம், என்றே வழங்குகிறார்கள். நாமும் "மேற்பணம்" என்று சொல்லலாம்தான். ஆனால் நம் காதில் அது "மேல்வரும்படி"க்கு மிக அருகில் ஒலிக்கிறது. (அதுவே பொருத்தம் என்பவர்களும் இருப்பார்கள்.) வாங்குபவருக்கு என்ன சேவை செய்து கட்டணம் பெறுகிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. 1975இல் லண்டனில் கிறிஸ்டீஸும் அதன் போட்டி நிறுவனமான சோதபீஸும் 10 விழுக்காட்டில் இதைத் தொடங்கியபோது கலை வணிகர்களும் அதையே கேட்டார்கள். இருந்தாலும் நிறுவனம் பெறுவது கட்டணம்தான்.

இதோடு இணைத்தே "ஹேமர் பிரைஸ்", அதாவது சுத்தியல் விழும்போது நிற்கும் விலை, என்பதற்கான சொல்லையும் முடிவு செய்ய வேண்டும். "சுத்தியல் விலை" என்றால் இரும்புக் கடை நினைவுக்கு வருகிறது. "ஒரு தரம், இரண்டு தரம்" என்று எண்ணுவது நம் ஏல வழக்கு. ஆனால் "மூன்றாம் தர விலை" என்று எழுதினால் ஓவியர் வழக்குத் தொடுப்பார். "விலை படிந்தது", "படியவில்லை" என்ற வழக்கு இருப்பதால் "படிந்த விலை" என்பதே போதும். படிந்த விலையோடு மேற்கட்டணம் சேர்ந்தது "மொத்த விலை". விற்பவரிடம் ஏல நிறுவனம் கழித்துக்கொள்ளும் தொகையை "விற்போர் பிடித்தம்" எனலாம்.

இந்த வேறுபாடு சொல்லழகுக்காக மட்டும் அன்று. விற்பனைக்கு முன் பட்டியலில் அச்சிடும் மதிப்பீட்டில் மேற்கட்டணம் சேராது. விற்ற பின் நிறுவனம் வெளியிடும் விலையில் அது சேர்ந்திருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து, மதிப்பீட்டை மிஞ்சி விற்றது என்று எழுதப்படும் செய்திகள் பல, படிந்த விலையைப் பார்த்தால் மிஞ்சியிருக்காது. வரியும் இப்படித்தான். நியூயார்க்கில் பொருளைப் பெற்றுக்கொள்பவருக்கு 8.875 விழுக்காடு விற்பனை வரி, படிந்த விலை, மேற்கட்டணம் இரண்டின் மீதும் விழும். ஹாங்காங்கில் விற்பனை வரியே இல்லை. பிரிட்டனிலோ, வெளிநாட்டிலிருந்து ஏலத்துக்காகத் தற்காலிகமாகக் கொண்டுவந்த ஓவியத்தின் படிந்த விலைக்கு 5 விழுக்காடு இறக்குமதி மதிப்புக்கூட்டு வரியும், மேற்கட்டணத்துக்கு 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் தனித்தனியே கணக்கிடப்படும். ஓவியருக்கோ வாரிசுக்கோ சேர வேண்டிய "மறுவிற்பனைப் பங்கு" அங்கே படிந்த விலையை மட்டும் அடிப்படையாகக் கொண்டது. "விலை" என்ற ஒற்றைச் சொல்லால் இவற்றை எழுத முயன்றால் இரண்டாம் வரியிலேயே சிக்கிக்கொள்வோம்.

விகிதம் அடிக்கடி மாறுவதால் சொல்லில் அளவைச் சுட்டும் அடைமொழி எதுவும் வேண்டாம். சோதபீஸ் 2024இல் 60 லட்சம் டாலர் வரை 20 விழுக்காடு என்று குறைத்தது. மறு ஆண்டே அதைக் கைவிட்டு 20 லட்சம் டாலர் வரை 27 விழுக்காடு ஆக்கியது.

சொல்லைச் சோதிக்க ஒரு தொடர்: "படிந்த விலை 10 லட்சம் டாலர், 27 விழுக்காடு மேற்கட்டணம் சேர மொத்த விலை 12 லட்சத்து 70 ஆயிரம் டாலர், வரி தனி." இதில் இடறும் இடம் இருந்தால் நண்பர்கள் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன். வெளியே சொல்லாத அந்தக் குறைந்தபட்ச விலைக்கு "காப்பு விலை" என்ற முன்மொழிவையும் கண்டேன். கணக்கியலில் "காப்பு" வேறு பொருளில் நிலைத்துவிட்டதால், அதைத் தனி இழையில் பேசுவோம்.

அன்புடன்