உதவி தேவை: வீட்டில் வயதான கடுவன் (ஆண்) பூனை இருக்கிறது, மோட்டார் அறைக் குட்டிகளில் எத்தனையை, எப்போது எடுத்துக்கொள்வது?

வேளச்சேரி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வசிக்கிறோம். கணவர், பள்ளி செல்லும் மகள், மாமியார் ஆகியோருடன் ஒன்பது வயதுக் கடுவன் ஒன்றும் எங்கள் வீட்டில் உண்டு. அதற்குக் குட்டியிலேயே கருத்தடை செய்தாகிவிட்டது, வெளியே போகாது, பகல் முழுவதும் ஜன்னல் மேடையில்தான் படுத்திருக்கும்.

கீழே கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய மோட்டார் அறையில், நாங்கள் சோறு வைத்து வரும் தெருப்பூனை நான்கு குட்டிகளை ஈன்றிருக்கிறது. இரண்டு வெள்ளையில் சாம்பல் திட்டுகள் கொண்டவை, ஒன்று செவலை, ஒன்று மூவண்ணம். அவை இப்போது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டன. ஆனாலும் தாயிடம் பால் குடிப்பதை நிறுத்தவில்லை. மூவண்ணக் குட்டியைத்தான் எடுக்க வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். எடுப்பதானால் ஒன்று போதும், அதுவும் தீபாவளி கழியட்டும் என்பது மாமியாரின் கருத்து.

என் கவலை மழையைப் பற்றியது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் கீழ்த்தளம் நீரில் மூழ்கியது. வடகிழக்குப் பருவமழை இதோ தொடங்கப்போகிறது. போதாக்குறைக்கு, குட்டிகளைக் கோணியில் போட்டு எங்காவது மார்க்கெட் பக்கம் விட்டுவரச் சொல்லிவிடுவோம் என்று அசோசியேஷனில் ஒருவர் வாட்ச்மேனிடம் கூறியிருக்கிறார். இப்போதே எடுத்துவிடலாமா? ஒன்றா, இரண்டா? எங்கள் கடுவன் இதைத் தாங்குமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

அடையாற்றிலிருந்து பதில்:

சகோதரி, மூன்று விவரங்கள் தெரிந்தால்தான் சரியாகச் சொல்ல முடியும். குட்டிகளின் கண் நிறம், பற்கள், எடை ஆகியவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். கடுவனின் தடுப்பூசி எந்த நிலையில் இருக்கிறது? கதவைச் சாத்தி வைக்கக்கூடிய தனி அறை உண்டா?

வேளச்சேரி வாசகி எழுதியது:

பார்த்துவிட்டேன் ஐயா. நான்கிற்கும் கண்கள் இன்னும் நீலமாகத்தான் இருக்கின்றன. கோரைப் பற்கள் வெளியே தெரிகின்றன. அவற்றுக்குப் பின்னால் கடைவாய்ப் பற்கள் இப்போதுதான் ஈற்றைக் கீறிக்கொண்டு வருகின்றன. சமையலறைத் தராசில் செவலைக் குட்டி ஏறக்குறைய 550 கிராம் இருந்தது. மற்றவை அதைவிடச் சற்றுக் குறைவு. கடுவனுக்குச் சென்ற ஆண்டு தடுப்பூசி போட்டோம். அடுத்த தவணை வரும் மாதம். மகள் படிக்கும் சிறிய அறைக்குக் கதவு உண்டு, குளியலறையும் அதனுள்ளேயே இருக்கிறது.

அடையாற்றிலிருந்து பதில்:

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஐந்து வார வயது என்று கொள்ளலாம். குட்டிகளின் கண் நிறம் ஆறு, ஏழு வாரங்களில்தான் மாறத் தொடங்கும். பால் பற்கள் இருபத்தாறும் முளைத்து முடிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

இந்த வயதில் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உண்ணக் கற்றுக்கொண்டுவிட்டன என்பதனால் பிரிக்கும் வயது வந்துவிட்டதாகப் பொருளில்லை. கடிக்கும்போது எந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், நகத்தை எப்போது உள்ளே இழுக்க வேண்டும் என்பதையெல்லாம் குட்டி தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் அடிவாங்கித்தான் கற்கிறது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ ஆறாயிரம் பூனைகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரத்திற்கு முன்பே பிரிக்கப்பட்டவற்றிடம் மூர்க்கம் கூடுதலாகக் காணப்பட்டது என்றும், பதினான்கு வாரம் வரை தாயுடன் விடுவது நல்லது என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள். நம் ஊர்ச் சூழலில் பதினான்கு வாரம் எல்லோருக்கும் இயலாது. எட்டு வாரத்திற்குக் கீழே போகாதீர்கள், பன்னிரண்டு வரை முடிந்தால் மிகவும் நல்லது.

ஆனால், தாயுடன் இருக்கட்டும் என்று தொடாமலே விட்டுவிடுவதும் தவறாகப் போகும். மனிதக் கைக்கும் குரலுக்கும் குட்டி பழகும் பருவம் இரண்டாவது வாரத்தில் தொடங்கி ஏழாவது வாரத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டிய தெருக்குட்டி நம்மைக் கண்டால் சீறி ஒதுங்கவே பார்க்கும். பழக்கலாம், ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆகவே இன்றிலிருந்தே உங்கள் மகள் நாள்தோறும் கீழே சென்று, தாய் பார்க்கும்படி, குட்டிகளை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்துப் பழக்கட்டும். வந்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடையை மாற்றிய பிறகே கடுவனைத் தொட வேண்டும்.

மழைக்கு என்ன செய்வது என்றால், குட்டிகளை மட்டும் பறித்துக்கொண்டு வராமல், தாயையும் சேர்த்து மகளின் அறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிரிக்கும் வயது வரும்வரை ஐந்தும் அந்த அறையிலேயே இருக்கட்டும். தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு எங்கேனும் ஓடிவிடும் ஆபத்தும் இதனால் நீங்கும்.

பெரம்பூரிலிருந்து பதில்:

அறைக்குள் கொண்டுவருவதை நானும் ஆதரிக்கிறேன். எண்ணிக்கையில் மட்டும் மாறுபடுகிறேன். இரண்டு குட்டி என்றால் தடுப்பூசியும், கருத்தடையும், மலம், சிறுநீர் கழிப்பதற்கான லிட்டர் மணலும், உணவும் இரண்டு பங்கு; நோய் வந்தால் இரண்டுக்கும் சேர்ந்தே வரும். நடுத்தரக் குடும்பம் ஆசையில் ஏற்றுக்கொண்டு, ஆறாவது மாதத்தில் ஒன்றை யாரிடமாவது தள்ளிவிடப் பார்ப்பதைவிட, ஒன்றை எடுத்து அதைக் கடைசிவரை நன்றாக வளர்ப்பது நேர்மையானது. துணைக்குத்தான் உங்கள் கடுவன் இருக்கிறதே.

மயிலாப்பூரிலிருந்து பதில்:

பெரம்பூர் நண்பர் செலவைப் பற்றிச் சொல்வதை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது; கணக்குப் போட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். ஆனால், துணைக்குக் கடுவன் இருக்கிறது என்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. ஒன்பது வயதுப் பூனை, மனிதக் கணக்கில் ஐம்பதைக் கடந்தது. குட்டியோ விழித்திருக்கும் நேரமெல்லாம் தாவும், பதுங்கும், வாலைப் பிடித்துக் கடிக்கும். ஒற்றைக் குட்டியைக் கொண்டுவந்தால் அந்த விளையாட்டு முழுவதும் கடுவன் மேல்தான் விழும். ஜன்னல் மேடையில் இருக்கும் அதன் இடம் பறிபோகும். அது கட்டிலுக்கடியில் ஒடுங்கத் தொடங்கும், உணவு குறையும். அச்சமும் மனவுளைச்சலும் கூடினால் கடுவன்களுக்குச் சிறுநீர் அடைப்பு வரக்கூடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்; சிறுநீர் கழிக்க முக்கி முக்கி ஒன்றும் வராமல் இருந்தால் அது மணிக்கணக்கில் உயிர்போகும் நிலை.

ஒரே ஈற்றில் பிறந்த இரு குட்டிகளை எடுத்தால், அவை ஒன்றையொன்று துரத்திக் களைத்துத் தூங்கும். கடுவன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம், விருப்பம் வந்தால் தானே நெருங்கும். வீட்டில் பகலில் ஆளில்லாதபோதும் அவற்றுக்குத் தனிமை தெரியாது. எனவே உங்கள் வீட்டுக்கு இரண்டு. மூன்றாவதை யார் கெஞ்சினாலும் வேண்டாம். இரண்டுக்கு வசதியில்லை என்று கணக்கு சொன்னால், ஒன்றை எடுக்காதீர்கள், நான்கையும் நல்ல வீடுகளில் இரண்டிரண்டாகச் சேர்ப்பியுங்கள். குட்டிக்குப் பதில் அமைதியான வளர்ந்த பூனை ஒன்றைப் பிற்பாடு எடுப்பது உங்கள் கடுவனுக்கு இன்னும் பொருந்தும்.

எந்த இரண்டு என்பதற்கு நிறத்தைப் பார்க்க வேண்டாம். எவை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படுத்து உறங்குகின்றனவோ, அவற்றை எடுங்கள். மூவண்ணம் ஏறத்தாழ எப்போதுமே பெட்டையாக இருக்கும். செவலை பெரும்பாலும் கடுவனாக இருக்கும். அந்த இரண்டையும் எடுத்தால், உடன்பிறப்பு என்ற எண்ணமெல்லாம் பூனைக்குக் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். பெட்டை நான்காவது மாதத்திலேயே பருவத்திற்கு வந்துவிடலாம். ஐந்து மாதம் நிறைவதற்குள் இரண்டுக்கும் கருத்தடை செய்துவிட வேண்டும்.

வேளச்சேரி வாசகி எழுதியது:

மிக்க நன்றி. வீட்டில் பேசினோம். இரண்டுக்கான செலவைத் தாங்க முடியும் என்று கணவர் கூறிவிட்டார். இப்போது எனக்குள்ள பயம், தாயும் குட்டிகளும் அதே வீட்டுக்குள் வந்தால் கடுவனுக்கு ஏதேனும் தொற்றிக்கொள்ளுமோ என்பது. மாமியார் பால் வைக்கலாமா என்றும் கேட்கிறார்.

அடையாற்றிலிருந்து பதில்:

பசும்பால் வேண்டாம் அம்மா. பல பூனைகளுக்கு அது வயிற்றுப்போக்கைத்தான் தரும். வேகவைத்த கோழியையோ முள் நீக்கிய மீனையோ உப்பும் மசாலாவும் இல்லாமல் மசித்துக் குட்டிகளுக்கான உணவுடன் கலந்து கொடுங்கள். காய்ச்சல் என்று நினைத்து யாரும் பாரசிட்டமால் கொடுத்துவிடக் கூடாது, சிறு துண்டே பூனையைக் கொன்றுவிடும். பால்கனித் தொட்டியில் செங்காந்தள் இருந்தால் அதையும் அகற்றிவிடுங்கள், பால்கனிக்கு வலை இல்லையெனில் கதவைத் திறக்காதீர்கள்.

தொற்று பற்றிய உங்கள் பயம் நியாயமானது. பூனைகளுக்கு வரும் பான்லூகோபீனியா கொடிய நோய். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூடப் பிழைத்திருக்கும். கை சுத்திகரிப்பானிலுள்ள ஆல்கஹால் அதைக் கொல்லாது. நீர் கலந்த பிளீச்சிங் திரவத்தால் தரையைத் துடைப்பதுதான் பயன் தரும், துடைத்த தரை நன்றாக உலரும்வரை பூனைகளை விடக் கூடாது. ஆகவே கடுவனின் ஊசியை அடுத்த மாதம் வரை தள்ளாமல், ஐவரும் மேலே வருமுன் போட்டுவிட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த அறைக்கெனத் தனிச் செருப்பு, தனிக் கிண்ணம், தனி லிட்டர் தட்டு இருக்கட்டும். குறைந்தது இரண்டு வாரம் கதவு சாத்தியே இருக்க வேண்டும். குட்டிகளுக்கு இப்போதே குடற்புழு நீக்க மருந்தைத் தொடங்கலாம். மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடும் முக்கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் முதல் ஊசியின் பலனைக் குறைத்துவிடுவதால், பாதியில் நிறுத்தினால் பாதுகாப்பு இராது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி பன்னிரண்டு வாரத்தில். தனியார் மருத்துவமனை கட்டாது என்றால், 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. காலையில் சீக்கிரம் சென்றுவிடுங்கள், வரிசை நீளும்.

மயிலாப்பூரிலிருந்து பதில்:

இரண்டு வாரம் கழிந்ததும், உடனே கதவைத் திறந்து முகத்துக்கு முகம் விட்டுவிடாதீர்கள். குட்டிகள் படுத்த துணியைக் கடுவனின் அருகிலும், அதன் துணியைக் குட்டிகளிடமும் வையுங்கள். பிறகு மூடிய கதவின் இருபுறமும் ஒரே வேளையில் உணவு வையுங்கள். கடுவன் சீறாமல் உண்ணத் தொடங்கிய பிறகே, வலைக் கதவு வழியாகப் பார்க்க விடலாம். மூன்று பூனைக்கு நான்கு லிட்டர் தட்டுகள், வெவ்வேறு இடங்களில்.

தாயை மறந்துவிட வேண்டாம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது மீண்டும் சினைப்படும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். குட்டிகள் பால்குடி மறந்து இரண்டு வாரம் ஆனதும் கருத்தடை செய்து, அது பிறருக்குத் தெரியும்படி காதின் நுனியில் அடையாளம் வைத்து, அது பழகிய அதே வளாகத்தில் விடுங்கள். பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள்; குட்டிகளுக்கு ஆபத்து என்று அதற்குப் பட்டால் இன்றிரவே நான்கையும் தூக்கிச் சென்றுவிடும், ஆகவே தாமதிக்காதீர்கள். முதலில் குட்டிகளைக் கூடையில் வைத்து அது பார்க்கும்படி மோட்டார் அறையிலேயே வையுங்கள். பெரிய கூண்டின் உட்கோடியில் மீனை வைத்தால் அதுவும் குட்டிகளின் குரலும் சேர்ந்து தாயை உள்ளே வரவைத்துவிடும்.

அசோசியேஷன்காரரிடம் சண்டை போடாமல் எழுத்துமூலம் தெரிவியுங்கள். உணவோ நீரோ கிடைக்காமல் துன்புறும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதன் நகலை இணைத்துக் கொடுங்கள். தாய்க்குக் கருத்தடை செய்யப்போகிறோம், இனி இங்கே குட்டிகள் பிறக்காது என்ற வரியையும் சேர்த்தால் பெரும்பாலும் எதிர்ப்பு அடங்கிவிடும்.

வேளச்சேரி வாசகி எழுதியது:

கூண்டுக்குச் சொல்லிவிட்டோம், கடுவனுக்கு நாளை காலை மருத்துவரிடம் நேரம் கிடைத்திருக்கிறது. மூவண்ணமும் சாம்பல் திட்டுக் குட்டிகளில் சிறியதும்தான் எப்போதும் சேர்ந்து உறங்குகின்றன. ஆகையால் அந்த இரண்டும் எங்களுடன் இருக்கும். செவலையும் மற்றொன்றும் பத்து வாரம் நிறைந்தபின் ஒரே வீட்டுக்குத்தான் தரப்படும். பால்கனிக்கு வலை கட்டியவர்கள், கருத்தடை செய்வதாக உறுதி கூறுபவர்கள் இவ்விழையிலேயே தெரிவிக்கலாம்.